மூச்சைக் காத்த கைகள்

இயந்திரம் மூச்சு தருகிறது என்று இன்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அதன் வரலாற்றைப் புரட்டினால், இயந்திரத்திற்கு முன்னே நின்றவை மனிதக் கைகள் என்பது விளங்கும்.

1952-ஆம் ஆண்டு டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் கடுமையாகப் பரவியது. அங்குள்ள பிளெக்டாம் மருத்துவமனையில் ஓர் இரும்பு நுரையீரலும் ஆறு மார்புக்கவசக் கருவிகளுமே இருந்தன. மூச்சுத்திறன் பாதிக்கப்பட்ட முதல் 31 நோயாளருள் 27 பேர் மாண்டனர். அந்நிலையில் பியோர்ன் இப்சன் என்னும் மயக்கவியல் மருத்துவர், பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் தொண்டையில் துளையிடச் செய்து, குழாய் வழியே ரப்பர்ப் பையைக் கையால் அழுத்திக் காற்றைச் செலுத்தினார். சிறுமி பிழைத்தாள். தொடர்ந்து ஏறத்தாழ 1,500 மாணவர்கள் முறைவைத்து, இரவும் பகலும் அப்பையை அழுத்தினர். இறந்தோர் விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. 1953-இல் இப்சன் தீவிர சிகிச்சைக்கெனத் தனிப் பிரிவையே தொடங்கினார்.

இவ்வரலாறு நமக்குத் தொலைவானதன்று. திருப்பத்தூரை அடுத்த ஜவ்வாது மலையடிவாரம் போன்ற ஊர்ப்புறங்களில், இரவில் தரையில் படுத்துறங்குவோரைக் கட்டுவிரியன் தீண்டுவதுண்டு. வலி பெரிதாக இராது. விடியுமுன் இமை சரியும், நாக்குக் குழறும், மூச்சு அடங்கும். நரம்பில் ஏறிவிட்ட அந்த முடக்கத்தை விஷமுறிவு மருந்தாலும் உடனே நீக்க இயலாது. நரம்புகள் மீளும்வரை, சில நாள்கள் கருவியே மூச்சுவிட வேண்டும்.

அந்நாள்களில் துணை நிற்பவர் செவிலியர். இப்பகுதியில் அப்பணிக்கு நெடிய மரபு உண்டு. வேலூரில் 1900-இல் ஒற்றைப் படுக்கையோடு பணி தொடங்கிய மருத்துவர் ஐடா ஸ்கடர், 1909-இல் செவிலியர் பள்ளியை நிறுவினார்; 1946-இல் அங்குப் பட்டப்படிப்பும் தொடங்கியது. கருவிகள் பின்னர் வந்தன. படுக்கையருகே விழித்திருக்கும் ஒழுக்கமோ முன்பே வேரூன்றியிருந்தது.

கருவி காற்றை மட்டுமே தள்ளும். சளியை உறிஞ்சி எடுப்பதும், தலைப்பக்கத்தை உயர்த்தி வைப்பதும், வாயைத் துடைப்பதும், புண் வராதபடி புரட்டிப் படுக்க வைப்பதும், மூடாத கண்ணை உலராமல் காப்பதும் செவிலியர் வேலை. இவற்றினும் பெரியது ஒன்றுண்டு. கட்டுவிரியன் தீண்டியவர் அசைவற்று, கண்மணி விரிந்து, இறந்தவர்போலவே கிடக்கலாம். ஆயினும் உள்ளே நினைவு தெளிந்திருக்கலாம், நாம் பேசுவது அவர் காதில் விழலாம். ஆகவேதான் நற்செவிலி, “ஐயா, திருப்பிப் படுக்க வைக்கிறேன்” என்று சொல்லிவிட்டே அவரைத் தொடுகிறார்.

“கருவியை எடுத்துவிடலாமா, சாமி?” என்று உறவினர் பங்குக் குருவிடம் கேட்பதுண்டு. செலவும் துயரமும் சேர்ந்து எழுப்பும் கேள்வி அது. திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1957 நவம்பர் 24 அன்று மயக்கவியல் மருத்துவர்களுக்கு ஆற்றிய உரையில் இதற்கு விடை தந்தார். உயிரைக் காக்கச் சாதாரண வழிகளைக் கையாள்வது கடமை. பெருஞ்சுமையான அசாதாரண வழிகள் எவர்மீதும் கட்டாயமல்ல. சாவின் கணத்தை வரையறுப்பது மருத்துவரின் பொறுப்பு.

இப்போதனை ஆறுதலும் தருகிறது, எச்சரிக்கையும் செய்கிறது. மீள வழியற்றவரை இறைவனிடம் ஒப்படைப்பது பாவமன்று. ஆனால் மீளக்கூடியவரை அவசரத்தில் கைவிடலாகாது. யார் எந்நிலையில் உள்ளார் என்பதைக் கண்ணீரைக் கொண்டு முடிவு செய்ய இயலாது. மருத்துவரிடம் கேட்க வேண்டும், இரவெல்லாம் அருகிருந்த செவிலியிடமும் கேட்க வேண்டும். அதுவரை, அசையாதிருப்பவரின் கையைப் பற்றி, அவர் பெயரைச் சொல்லி அழைத்துக்கொண்டிருப்போம்.