ரொட்டிக்காரர் மனைவி: வீழ்ந்த நாடகமும் வாழ்ந்த பாடலும்

பிரெஞ்சுத் திரைமேதை மார்சல் பஞோல் 1938ஆம் ஆண்டு 'ரொட்டிக்காரர் மனைவி' என்னும் படத்தை இயக்கினார். ழான் ழியோனோவின் எழுத்தினின்று பிறந்த கதை அது. புரோவான்ஸ் பகுதிச் சிற்றூர் ஒன்றுக்கு, வயதான ரொட்டிக்காரர் தம் இளம் மனைவியுடன் வந்து சேர்கிறார். அவளோ ஆட்டிடையன் ஒருவனுடன் சென்றுவிடுகிறாள். மனம் ஒடிந்தவர் அடுப்பு மூட்டுவதில்லை. ரொட்டியின்றித் தவிக்கும் ஊரார், தமக்குள் இருந்த பழம்பகையை மறந்து அவளைத் தேடப் புறப்படுகின்றனர். திரும்பி வந்த மனைவியை அவர் ஒரு சொல்லும் கடிந்து கூறார். அந்நேரம் வீடு திரும்பும் பெண்பூனையைத்தான், துணையை விட்டு ஓடியவளென்று வைகிறார். தமிழிலக்கணத்தார் இதனை முன்னிலைப் புறமொழி என்பர். ரைமுவின் நடிப்பில் இக்காட்சி உலகப் புகழ் பெற்றது.

இப்படம் அமெரிக்காவில் இசைநாடகமாயிற்று. இசையும் பாடல்களும் ஸ்டீபன் சுவார்ட்ஸ். நாடகவுரை ஜோசப் ஸ்டைன். தயாரிப்பாளர் டேவிட் மெரிக். 1976 மே மாதம் லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கிய பயணம் ஆறு திங்கள் நீடித்தது. தலைமை நடிகர் டோபோல் விலக, பால் சோர்வினோ வந்தார். மனைவி வேடம் பாட்டி லுபோனுக்கு மாறியது. இயக்குநரும் மாறினார். நவம்பரில் வாஷிங்டனிலேயே நாடகம் நின்றது; பிராட்வேயை எட்டவேயில்லை.

அதில் 'மெடோலார்க்' என்றொரு நீண்ட பாடல் உண்டு. அரசன் வளர்த்த குருட்டு வானம்பாடிக்குக் கதிரவன் பார்வை தந்து, உடன் பறந்துவர அழைக்கிறான். அரசன் மனம் நோகுமென மறுத்த பறவை மாண்டுபோகிறது. இதனைப் பாடியே மனைவி தன் முடிவைத் தேர்கிறாள். நீளத்தை வெறுத்த மெரிக், இசைக்குழுவினரின் சுரத்தாள்களையே எடுத்துச் சென்றுவிட்டார்! ஆசிரியர்கள் போராடி மீட்டனர். மெரிக்கின் அச்சம் முற்றிலும் வீணன்று. படத்தில் மனைவிக்குப் பேச்சு மிகக் குறைவு. நாம் கணவனுக்காகவே இரங்குகிறோம். பாடலோ அவள் நெஞ்சைத் திறந்துகாட்டி, கேட்போரை அவள் பக்கம் திருப்பிவிடுகிறது. அதன்பின் அவள் திரும்பி வருவதை முழுமனத்துடன் வரவேற்பது அரிது. இந்நாடகத்தின் ஆற்றலும் குறையும் ஒரே இடத்தில் பிறந்தவை.

நாடகம் மறைந்தது, பாடல் இசைத்தட்டிலும், நடிகர் தேர்வுக்கு வரும் இளம்பெண்களின் குரலிலும் வாழ்ந்தது. தேர்வுகளில் இதனை அடிக்கடி கேட்ட டிரெவர் நன், 1989இல் லண்டன் பீனிக்ஸ் அரங்கில் நாடகத்துக்கு உயிரூட்டினார். பாராட்டுக் கிடைத்தும் 56 காட்சிகளே நடந்தன.

பின்னர் அதனைக் கைவிடாதவர் இயக்குநர் கார்டன் கிரீன்பெர்க். 2005இல் நியூஜெர்சியின் பேப்பர் மில் அரங்கில் மேடையேற்றியவர், 2024இல் லண்டனில் முன்னாள் சாக்லேட் ஆலையான மெனியர் அரங்கிற்குக் கொண்டுவந்தார். பேரரங்கில் கரைந்துபோன கதைக்குச் சிற்றரங்கே பொருந்தியது. பார்ப்போரும் ஊர்ச்சதுக்கத்து மக்களாயினர். கிளைவ் ரோ ரொட்டிக்காரராகவும் லூசி ஜோன்ஸ் மனைவியாகவும் நடித்தனர். 2025இல் அவரே நியூயார்க்கின் கிளாசிக் ஸ்டேஜ் குழுவுக்காகவும் இதனை இயக்கினார். அங்கு வானம்பாடியின் கதையைப் பாடியவர் அரியானா டிபோஸ்.