ஒரு கேசட், எட்டுப் பேர்: டில்லியில் கையடக்கக் கார்ட் பந்தய விளையாட்டின் வரலாறு

முன்னுரை

டில்லி கன்னாட் பிளேஸின் உள்வட்டத்துக்கும் வெளிவட்டத்துக்கும் இடையே, தரைக்குக் கீழே இருக்கிறது பாலிகா பஜார். 1970களின் இறுதியில் புது டில்லி நகராட்சி அமைத்த, குளிரூட்டப்பட்ட நிலத்தடிச் சந்தை அது. தலைநகரில் வீடியோ கேம் வாங்க நினைத்தவர்கள் தலைமுறை தலைமுறையாகப் படியிறங்கிய இடமும் அதுவே. 2017 மார்ச் 3 அன்று நிண்டெண்டோ நிறுவனம் ‘ஸ்விட்ச்’ கருவியை வெளியிட்டபோது, அது விற்பனைக்கு வந்த நாடுகளில் இந்தியா இல்லை. ஆனாலும் ஸ்விட்ச் பாலிகாவுக்கு வந்து சேர்ந்தது. அதனுடன் ‘மரியோ கார்ட்’ பந்தயமும் வந்தது.

முறையான வரவேற்பு இல்லாத ஊரில் ஒரு விளையாட்டு எப்படி வேரூன்றியது? இறக்குமதிக் கொள்கையும் சந்தையும் வழி திறந்தன என்பது உண்மை. ஆனால் ஒருவர் வாங்கியதைப் பலர் சேர்ந்து ஆட இடம் தந்த அந்த விளையாட்டின் அமைப்பே அதை நிலைபெறச் செய்தது என்பது இக்கட்டுரையின் கருத்து.

தரையிலிருந்து திரைக்கு

கார்ட் என்பது தரையோடு ஒட்டி ஓடும், கூரையில்லாச் சிறு பந்தய வண்டி. 1956இல் கலிபோர்னியாவில் ஆர்ட் இங்கல்ஸ் செய்த வண்டியே முதல் கார்ட்டாகக் கருதப்படுகிறது. அதைத் திரைக்குக் கொண்டுவந்து, ஆமை ஓட்டையும் வாழைப்பழத் தோலையும் எறிந்து எதிராளியைச் சறுக்கவைக்கும் விளையாட்டாக்கியது 1992 ஆகஸ்ட் 27 அன்று ஜப்பானில் வெளியான ‘சூப்பர் மரியோ கார்ட்’. ஷிகெரு மியாமோட்டோ தயாரிக்க, தாதாஷி சுகியாமாவும் ஹிதேகி கொன்னோவும் இயக்கினார்கள். தட்டையான படத்தைச் சுழற்றியும் பெரிதாக்கியும் ஆழமுள்ள சாலைபோலக் காட்டும் ‘மோட் 7’ உத்திதான் அதன் உயிர். 1989இல் வந்த கையடக்கக் கருவியான கேம் பாய்க்கு அந்த ஆற்றல் இல்லை. ஆகவே கார்ட் பந்தயம் கைக்குள் வர, வேறொரு கருவி பிறக்க வேண்டியிருந்தது.

டிவி கேமும் பிரிக் கேமும்

1990களில் இந்திய நடுத்தர வீடுகளில் ‘டிவி கேம்’ என்றால் பெரும்பாலும் நிண்டெண்டோவின் பழைய ஃபாமிகாம் கருவியின் நகல்தான். அதில் செருகும் கார்ட்ரிட்ஜைப் பிள்ளைகள் ‘கேசட்’ என்றே அழைத்தார்கள். மேலிருந்து பார்க்கும் கோணத்தில் கார் ஓட்டும் ‘ரோடு ஃபைட்டர்’ அந்தக் கேசட்டுகளில் அடிக்கடி தலைகாட்டியது. கையடக்க வடிவில் பரவியது ‘பிரிக் கேம்’. பத்துக்கு இருபது கட்டங்கள் கொண்ட அதன் சாம்பல் நிறத் திரையில், சில கட்டங்களே காராக உருவெடுத்து இடமும் வலமும் விலகி ஓடும். நம் பிள்ளைகளில் பலர் உள்ளங்கையில் வைத்து ஓட்டிய முதல் கார் அதுவே. ஆனால் அதில் எதிரில் வந்தது இயந்திரம்தான். பக்கத்தில் இருந்த தோழன் தன் முறைக்காகக் காத்திருந்தான்.

2001: திறந்த வாசல்

2001 மார்ச் 21 அன்று ஜப்பானில் ‘கேம் பாய் அட்வான்ஸ்’ வெளியானது. பதினொரு நாள் கழித்து, ஏப்ரல் 1 அன்று, இந்தியா எஞ்சியிருந்த 715 பொருள்கள் மீதான இறக்குமதி அளவுக் கட்டுப்பாடுகளை நீக்கியது. உலக வணிக அமைப்பில் அமெரிக்கா தொடுத்த வழக்கில் இந்தியா தோற்றதன் விளைவு அது. இரண்டும் ஒன்றையொன்று அறியாமல் நிகழ்ந்தவை. ஆனால் வெளிநாட்டு நுகர்பொருள்களுக்கு டில்லிச் சந்தை திறந்துகொண்ட காலமும், கார்ட் பந்தயத்துக்கு ஏற்ற கையடக்கக் கருவி வந்த காலமும் ஒன்றாயின.

240க்கு 160 புள்ளிகள் கொண்ட அந்தச் சிறு திரையில் படத்தைச் சுழற்றும் ஆற்றல் வன்பொருளிலேயே இருந்தது. அதே ஆண்டு ஜூலையில் இன்டெலிஜென்ட் சிஸ்டம்ஸ் உருவாக்கிய ‘மரியோ கார்ட்: சூப்பர் சர்க்யூட்’ வந்தது. இருபது புதிய தடங்கள், 1992ஆம் ஆண்டு விளையாட்டின் இருபது தடங்கள், ஆக நாற்பது. அதைவிட முக்கியமானது அதன் இணைப்பு வடம். நான்கு கருவிகளை வடத்தால் பிணைத்தால், ஒரே கேசட்டைக் கொண்டு நால்வர் ஆடலாம். அப்போது எல்லோருக்கும் கிடைப்பது வெவ்வேறு நிறத்தில் யோஷி என்ற ஒரே பாத்திரம்தான், தடங்களும் நான்கே. ஆயினும் கேசட் வாங்க முடியாத பிள்ளையும் பந்தயத்தில் இருந்தான்.

இரண்டு பேட்டரிகளில் சுமார் பதினைந்து மணி நேரம் ஓடிய கருவி அது. டில்லியிலிருந்து சென்னைக்குத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் முப்பது மணி நேரத்துக்கும் மேல் பயணம் செய்யும் குடும்பத்துக்கு இந்தக் கணக்கின் அருமை புரியும். திரைக்கு ஒளி கிடையாது; பகலில் ஜன்னலோரமும் இரவில் பெட்டி விளக்கின் அடியும்தான் ஆட்டக்களம்.

2005: வடம் அறுந்தது, உறவு நீடித்தது

2005 நவம்பரில் நிண்டெண்டோவின் அடுத்த கையடக்கக் கருவியான டி.எஸ்.ஸுக்கு ‘மரியோ கார்ட் டி.எஸ்.’ வெளியானபோது வடம் தேவையற்றுப் போயிற்று. ‘டவுன்லோட் ப்ளே’ வசதியில் ஒருவரின் கேசட்டிலிருந்து ஆட்டம் வானலை வழியே மற்ற ஏழு பேரின் கருவிகளுக்கும் செல்லும். விருந்தினர்கள் முகமூடி அணிந்த ‘ஷை கை’யாக ஓடினார்கள். 2011இல் 3டி.எஸ். கருவிக்கு வந்த ‘மரியோ கார்ட் 7’ம் இந்த மரபைக் காத்தது.

இணையம் வழியே உலகோடு போட்டியிடும் வசதியும் டி.எஸ். பதிப்பில்தான் தொடங்கியது. அதே காலத்தில் ‘ஆர் 4’ போன்ற நகலெடுப்பு அட்டைகளும் உலகெங்கும் பரவின. 2009இல் டோக்கியோ நீதிமன்றம் அவற்றின் விற்பனைக்குத் தடை விதித்தது. அமெரிக்க வணிகப் பிரதிநிதி அலுவலகம் போலிப் பொருள் சந்தைகளைப் பட்டியலிட்ட 2021ஆம் ஆண்டு அறிக்கையில் பாலிகா பஜாரும் இடம்பெற்றது. படைத்தவரின் உழைப்பைத் திருடுவது பகிர்வு ஆகாது. தயாரித்தவரே ஒரு கேசட்டில் எட்டுப் பேருக்கு இடம் தந்திருந்தார் என்பதை நினைத்தால் இந்த வேறுபாடு தெளிவாகும்.

ஸ்விட்ச்சும் அதற்குப் பின்னும்

2017 ஏப்ரல் 28 அன்று வந்த ‘மரியோ கார்ட் 8 டீலக்ஸ்’ ஆறு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. ஸ்விட்ச்சின் இரு பக்கக் கைப்பிடிகளையும் கழற்றி ஆளுக்கொன்றாகப் பிடித்தால், ஒரே கருவியில் இருவர் ஆடலாம். ஆனால் கருவிகளை இணைத்து ஆட வேண்டுமானால் ஒவ்வொன்றிலும் தனிப் பிரதி இருக்க வேண்டும். 2025 ஜூன் 5 அன்று ஸ்விட்ச் 2 உடன் வெளியான ‘மரியோ கார்ட் வேர்ல்டு’ ஒரே பந்தயத்தில் 24 வண்டிகளை ஓடவிட்டது. போட்டியாளர் எண்ணிக்கை பெருகியது. ஒரு கேசட்டைச் சுற்றி எட்டுப் பேர் கூடிய வழக்கம் சுருங்கியது.

முடிவுரை

டி.எஸ். கருவியின் இணையச் சேவையை நிண்டெண்டோ 2014 மே 20 அன்று நிறுத்தியது. 3டி.எஸ். கருவியின் இணைய ஆட்டமும் 2024 ஏப்ரலில் முடிந்தது. உலகத்தோடு ஆடிய பந்தயங்கள் அத்துடன் போயின. பக்கத்தில் இருப்பவரோடு ஆடும் பந்தயத்துக்கு எந்த நிறுவனத்தின் சேவையகமும் வேண்டாம். இரு கருவிகளும் ஒரு கேசட்டும் போதும். இந்த வரலாற்றில் நிலைத்து நின்றது அருகமர்ந்து பகிர்ந்த ஆட்டமே.

வீட்டுப் பரணில் பழைய கேம் பாயோ டி.எஸ்.ஸோ கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். வாங்கிய ஆண்டையும் கடையையும் ஒரு தாளில் எழுதி அதனோடு வையுங்கள். பிறகு பேட்டரி போட்டு, வீட்டுப் பிள்ளையை அருகில் அமர்த்தி ஒரு சுற்று ஓட்டுங்கள்.