வெம்பிளியில் இரண்டு தரம் பாடிய பெட்டை

1988இல் செவன் கிங்ஸ் ஸ்டேஷனுக்குக் கிட்ட ஒரு வீட்டில் நாங்கள் ஏழு பேர் இருந்தோம். மூன்றே மூன்று அறைகள். இரவு வேலைக்காரன் எழும்பிப் போன கட்டிலில் பகல் வேலைக்காரன் வந்து விழுவான். மெத்தையில் சூடு ஆறினதாக எனக்கு ஞாபகம் இல்லை. ஏழு பேரில் மூத்தவரை எல்லோரும் அண்ணை என்றுதான் கூப்பிடுவோம். ஊரில் அவருக்கு மனுசியும் ஒரு பிள்ளையும். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நான் ஒரு பெற்றோல் நிலையத்தில் இரவில் காசு வாங்கிப் போடுகிற வேலை. என்னோடு நின்ற தென்னாபிரிக்கப் பெடியன் ஒருவன் யூன் மாதம் ஒருநாள் கேட்டான்: "மண்டேலாவுக்கு எழுபதாவது பிறந்தநாள். வெம்பிளியில் பெரிய கச்சேரி. ஒரு ரிக்கெற் மிச்சம் இருக்கு, வாறியா?"

பாட்டுக் கேட்கிற ஆசையில் நான் போகவில்லை. எனக்குத் தெரிந்த ஆங்கிலப் பாட்டென்றால் ஊரில் கொண்டாட்ட வீடுகளில் போட்ட போனி எம் மட்டும்தான். வெட்கத்தை விட்டுச் சொன்னால், எழுபதாயிரம் சனம் கூடுகிற இடத்தில் ஒருவரும் என்னைப் பார்த்து "தம்பி, உன்ரை கேஸ் என்ன மாதிரி?" என்று கேட்கமாட்டார்கள். அதற்காகத்தான் போனேன்.

அந்தக் கேள்வியின் பாரத்தை இன்றைய பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்துவது கஷ்டம். 1987 பெப்ரவரியில் ஹீத்ரோவில் திருப்பி அனுப்பவென்று விமானத்துக்குக் கொண்டுபோன ஐம்பதுக்கும் மேற்பட்ட எங்கள் ஆட்கள், அந்தக் குளிரில் உடுப்பைக் கழற்றி எறிந்துவிட்டு உள்ளுடுப்போடு நின்றார்கள். பத்திரிகைகளில் அந்தப் படம்தான் லண்டனுக்கு எங்களை அறிமுகம் செய்தது. அதே வருடம் ஹார்விச் துறைமுகத்தில் ஏர்ள் வில்லியம் என்ற பழைய பயணிகள் கப்பலை மறியல் வீடாக்கி அதிலும் எங்கள் ஆட்களை வைத்திருந்தார்கள். ஒக்ரோபர் 16ஆம் திகதிப் புயலில் அந்தக் கப்பல் கட்டறுத்துக்கொண்டு போனது. அரசாங்கம் செய்யாததைக் காற்றுச் செய்தது என்று அப்போது பகிடி சொல்வோம். உள்ளே இருந்தவர்களை அதற்குப் பிறகுதான் வெளியே விட்டார்கள். டிசெம்பரில் பிரபுக்கள் சபைத் தீர்ப்பு வந்தது. அகதிக்கு மனதில் பயம் இருந்தால் மட்டும் போதாது, அந்தப் பயத்துக்கு வெளியே உண்மையான ஆதாரம் இருக்கவேண்டும் என்பது அதன் சாரம். 1988 பெப்ரவரியில் ஐந்து தமிழர்களைத் திருப்பி அனுப்பினார்கள். அங்கே யாழ்ப்பாணத்தில் இந்திய இராணுவம் வீதிக்கு வீதி நின்ற காலம் அது. அந்த ஐந்து பேரையும் திரும்பக் கூப்பிடவேண்டும் என்று 1989 மார்ச்சில் தீர்ப்பானது வேறு கதை. யூன் மாதத்தில் எங்களுக்கு அது தெரியாது. பயத்தை எப்படி நிரூபிப்பது என்றுதான் ஏழு பேரும் இருந்து யோசித்தோம்.

"விசரே உனக்கு? ஒருநாள் சம்பளம் போகுது," என்றார் அண்ணை. நான் போனேன்.

1988 யூன் 11, சனிக்கிழமை. செவன் கிங்ஸில் ரெயின் ஏறி லிவர்பூல் ஸ்ரீற், அங்கிருந்து மெற்றோபொலிற்றன் லைனில் வெம்பிளி பார்க். பழைய மைதானத்தின் இரண்டு வெள்ளைக் கோபுரங்களையும் அன்றுதான் கிட்டப் பார்த்தேன். 2003இல் அவற்றை இடித்துவிட்டார்கள். உள்ளே சுமார் 72,000 பேர். மத்தியானம் தொடங்கிப் பதினொரு மணித்தியாலம் நடந்த நிகழ்ச்சி, 67 நாடுகளுக்குப் போனது. ஸ்ரிங், ஜோர்ஜ் மைக்கல், விற்னி ஹூஸ்ரன், டயர் ஸ்ரெயிற்ஸ் என்று பெயர்களை அடுக்கலாம். பாதிப் பெயர்கள் எனக்கு அன்றைக்குத் தெரியாது. தெரிந்த மாதிரித் தலையாட்டிக்கொண்டு இருந்தேன்.

மிரியம் மக்கேபாவும் ஹியூ மசெக்கேலாவும் வந்தபோது என்னைக் கூட்டிக்கொண்டு போன பெடியன் எழும்பி நின்று அழுதான். மக்கேபாவுக்கு 1960இல் தாய் செத்த வீட்டுக்குப் போகமுடியாமல் தென்னாபிரிக்கா பாஸ்போட்டை ரத்துச் செய்தது என்று அவன்தான் எனக்குச் சொன்னான். நான் "அப்படியா" என்று கேட்டுவிட்டு விட்டேன். எட்டு வருடம் கழித்து என் அம்மா இடம்பெயர்ந்த இடத்தில் செத்துப்போய்ச் செய்தி பத்து நாள் பிந்தி வந்தபோது, அந்த மனுசியின் முகம்தான் எனக்கு முன்னால் வந்து நின்றது.

மத்தியானத்துக்குப் பிறகு ஒரு மெலிந்த கறுப்பினப் பெட்டை தனியக் கிற்றாரோடு வந்தாள். சின்னச் சின்னச் சடைகள், சாதாரண உடுப்பு. வயது 24. பெயர் ட்ரேசி சப்மன் என்றார்கள். ஒஹாயோ மாநிலத்துக் கிளீவ்லாந்துக்காரி. படிக்கிற காலத்தில் ஹாவர்ட் சதுக்கத்தில் தெருவில் நின்று பாடினவள். முதல் இசைத்தட்டு வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. மூன்று பாட்டுப் பாடினாள். நடுவில் ஒரு பாட்டுக்குக் கிற்றாரையும் தொடவில்லை. வெறும் குரல். அந்தப் பெரிய மைதானத்தில், ஒப்பாரி சொல்ல ஒருத்தி எழும்பினால் செத்த வீடு அடங்குகிற மாதிரி ஒரு அடக்கம். "பொலிஸ்" என்ற சொல் மட்டும் எனக்குப் பிடிபட்டது. எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. பிறகு விளங்கிக்கொண்டேன், அது பக்கத்து வீட்டுச் சுவருக்குப் பின்னால் ஒருத்தி அடிவாங்குவதைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறவளின் பாட்டு. பொலிஸ் வந்தாலும் பிந்தித்தான் வரும். நான் அன்றைக்கு அதை எங்கள் ஊர் இரவு என்றே நினைத்தேன். பெரிய பிழை என்று இப்போதும் எனக்குத் தோன்றவில்லை.

அதோடு அவள் போய்விட்டாள். சனமும் மறந்துவிட்டது.

பின்னேரம் யூபி 40 குழு பாடி முடிந்தபின் அடுத்தது பெரிய ஆள் என்று பக்கத்தில் இருந்தவர்கள் குசுகுசுத்தார்கள். வரவேண்டியவர் ஸ்டீவி வொண்டர். அவருடைய இருபத்தைந்து நிமிட இசை ஏற்றியிருந்த கணினித் தட்டைக் கடைசி நேரத்தில் காணவில்லை. அது இல்லாமல் பாடமுடியாது என்று அந்த மனுசன் மேடைச் சரிவில் அழுதுகொண்டு இறங்கிப் போய்விட்டார். (பிறகு திரும்பி வந்து பாடினார்.) இதெல்லாம் பின்னாளில் வாசித்து அறிந்தது. அன்றைக்கு நாங்கள் கண்டது, பெரிய ஆளுக்குப் பதிலாக அந்தப் பெட்டை திரும்பவும் கிற்றாரோடு ஒரு மைக்குக்கு முன்னால் வந்து நின்றதைத்தான்.

முதலில் சனம் கதைத்துக்கொண்டே இருந்தது. அவள் சத்தத்தைக் கூட்டவில்லை. கையை உயர்த்தி ஆட்களை எழுப்பவும் இல்லை. 'ஃபாஸ்ட் கார்' பாட்டின் அந்த விரல் ஓட்டத்தைத் தொடங்கினாள். கொஞ்சம் கொஞ்சமாக முன்வரிசை அடங்கி, பிறகு பின்வரிசை அடங்கி, கடைசியில் நாங்கள் இருந்த மேல்தட்டும் அடங்கியது. மழை தூரத்திலிருந்து வருவது போல அமைதி வந்ததை நான் அங்கேதான் பார்த்தேன்.

அந்த இரண்டு தோற்றங்களும் அவளைத் தூக்கிவிட்டன. அந்த இசைத்தட்டு அதே கோடையில் பிரித்தானியாவிலும் பிறகு அமெரிக்காவிலும் முதலிடத்துக்கு வந்தது. பாட்டு இங்கே 5ஆம் இடம், அங்கே 6ஆம் இடம். 1989இல் மூன்று கிராமி விருதுகள். காணாமல் போன ஒரு தட்டால் ஒருத்தியின் சரித்திரம் மாறியது என்று எழுதுவார்கள். தட்டு ஆயிரம் தொலையலாம். அந்த இடத்தில் நின்று பாட அவளிடம் அந்தப் பாட்டு இருந்ததே, அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

இல்போர்ட் ஹை ரோட்டில் கசெற் வாங்கி, உள்ளே இருந்த தாளை வைத்துக்கொண்டு, அகராதியோடு ஒரு கிழமை இருந்து பாட்டின் கதையைப் பிடித்தேன். குடிகாரத் தகப்பன். தாய் விட்டுப்போய்விட்டாள். தகப்பனைப் பார்க்கப் படிப்பை விட்டவள் ஒருத்தி. கார் வைத்திருக்கிறவனோடு ஊரை விட்டு ஓடினால் எல்லாம் சரிவரும் என்று புறப்படுகிறாள். நகரத்துக்கு வருகிறார்கள். அவளுக்குக் கடையில் வேலை. அவன் குடிக்கிறான். தகப்பன் வீட்டில் எதை விட்டு ஓடினாளோ அது இங்கே வந்து கதவைத் தட்டுகிறது.

இந்த இடத்தில் எங்கள் பாட்டுக்காரர்களையும் சொல்லவேண்டும். எங்களுக்கும் கிற்றாரோடு நின்றவர்கள் இருந்தார்கள். நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே'யும் ஏ.ஈ. மனோகரனின் 'சுராங்கனி'யும் இல்லாமல் எங்கள் தலைமுறையின் சுற்றுலா பஸ் ஓடியதில்லை. அவை சிரித்துப் பாடுகிற பாட்டுகள். 83க்குப் பிறகு வந்தவை எழுச்சிப் பாட்டுகள். அவை எப்போதும் 'நாங்கள்' என்றே பாடின. தேவைதான், இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் 'நான் ஓடிவந்தேன், வந்த இடத்தில் இப்படி இருக்கிறேன்' என்று ஒரு ஆள் தனியாகச் சொல்லும் பாட்டு எனக்குத் தமிழில் அப்போது கிடைக்கவில்லை. புறப்பட்ட கதையை எங்கள் ஆட்கள் விடிய விடியச் சொல்வார்கள். ஏஜென்சிக்காரன், மொஸ்கோ, கிழக்கு பேர்லின், பனி. வந்து சேர்ந்த கதையைக் கேட்டால் "பிறகென்ன, வந்தாச்சு" என்பதோடு சரி. அந்த அமெரிக்கப் பெட்டைதான் எனக்கு அந்த மிச்சக் கதையைச் சொன்னாள்.

மண்டேலா 1990 பெப்ரவரி 11 விடுதலையாகி, ஏப்ரலில் அதே வெம்பிளிக்கு வந்தார். நான் போகவில்லை, இரவு வேலை. 2023இல் லூக் கோம்ப்ஸ் என்ற வெள்ளைக்காரக் கிராமியப் பாடகர் 'ஃபாஸ்ட் கார்' பாட்டைத் திரும்பப் பாடிப் பெரிய வெற்றியாக்கினார். அந்த வருடம் அமெரிக்கக் கன்றி இசைச் சங்கத்தின் சிறந்த பாடல் விருது அவளுக்குக் கிடைத்தது. அந்த விருதைக் கறுப்பினத்தவர் ஒருவர் பெற்றது அதுவே முதல்தடவை. 2024 பெப்ரவரி கிராமி மேடையில் இருவரும் சேர்ந்து பாடினதை என் மகள் போனில் காட்டினாள். நரைத்த சடையோடு அதே சிரிப்பு. "அப்பா, அண்டைக்கு நீங்கள் அழுதனீங்களே?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அழுதது பிறகு, அண்ணையின் விசயத்தில்.

அண்ணை அந்தக் கோடையிலேயே நன்றாகக் குடிக்கத் தொடங்கிவிட்டார். கை நடுங்கும். ஊருக்குக் கடிதம் எழுதினால் எழுத்து காட்டிக்கொடுத்துவிடும் என்று பயம். "வேலையிலை மெசின் பட்டு விரலிலை காயம் எண்டு எழுதடா, அதாலை தம்பி எழுதித் தாறான் எண்டு போடு," என்றார். வெம்பிளிக்குப் போய்வந்த அடுத்த திங்கட்கிழமை நான் எழுதிக் கொடுத்தது அந்த வகையில் முதல் கடிதம். நல்ல சுகம், நல்ல வேலை, விசா கெதியில் வரும். அப்படி மூன்று வருடம் எழுதினேன். கசெற் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.

1991இல் அக்காவும் பிள்ளையும் வந்து சேர்ந்தார்கள். ஹீத்ரோவிலிருந்து செவன் கிங்ஸுக்கு மினிகாப்பில் வந்தோம். நான் முன்சீற்றில். பின்னால் கன நேரம் ஒருவரும் கதைக்கவில்லை. பிறகு அக்கா அவருடைய வலக்கையை எடுத்துத் தன் மடியில் வைத்து ஒவ்வொரு விரலாகத் தடவிப் பார்த்தா.

"எந்த விரலப்பா?" என்று கேட்டா.