உடல் நிறைக் குறியெண்

ஒருவரது எடையைக் கிலோகிராமில் நிறுத்து, அதனை மீட்டரில் அளந்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பெறும் எண். தமிழகத்தார் பேச்சில் பி.எம்.ஐ. என்றும், இலங்கைத் தமிழில் உடற்திணிவுச் சுட்டி என்றும் வழங்கும்.

தோற்றம். இன்றைய பெல்ஜியத்தின் கென்ட் நகரில் 1796-இல் பிறந்து, வானசாஸ்திரத்திலும் புள்ளியியலிலும் தேர்ந்த அடால்ஃப் கெத்தலே, சராசரி மனிதனின் இலக்கணத்தை ஆராயப் புகுந்து, வளர்ச்சி முற்றியோரின் எடை உயரத்தின் வர்க்கத்தை ஒட்டியே மிகுகிறது என்று 1830-களில் கண்டார். ஜனசமூகத்தின் இயல்பை அறிவதே அவர் நோக்கமாயிருந்ததன்றி, தனியொருவரின் ஆரோக்கியத்தை நிர்ணயிப்பது அன்று. அவ்விகிதத்துக்கு இன்றைய பெயரைச் சூட்டியவர், ஐந்து நாட்டு ஆடவர் 7,400-க்கு மேற்பட்டோரின் அளவுகளை 1972-இல் ஒப்பிட்டு ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் அன்செல் கீஸ் ஆவார்.

எல்லைகள். உலக சுகாதார ஸ்தாபனத்தின் பொதுப் பிரமாணப்படி 18.5-க்குக் கீழ் எடைக்குறைவு. 25 முதல் மிகை எடை. 30 முதல் உடற்பருமன். ஆயினும் கொழுப்பையும் தசையையும் பிரித்தறிய இவ்வெண்ணால் இயலாது. புனேயின் மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் பிரிட்டிஷ் மருத்துவர் ஜான் யுட்கினும் 2004-இல் தங்கள் உடல்களையே சான்றாக்கி வெளியிட்ட சிறு குறிப்பு இதனைத் தெளிவாக்கும்: இருவர்க்கும் குறியெண் 22.3; உடற்கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். சென்னையில் அ. ராமச்சந்திரன் குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஆய்வு, நீரிழிவு அபாயத்தைக் கருதி இந்தியர்க்கு 23-ஐ எல்லையாகவும், இடுப்புச் சுற்றளவில் ஆடவர்க்கு 85, பெண்டிர்க்கு 80 சென்டிமீட்டரை எல்லையாகவும் குறித்தது. ஆசிய மக்களுக்கு 23-உம் 27.5-உம் கவனத்துக்குரிய படிகள் என உலக சுகாதார ஸ்தாபனத்தின் நிபுணர் குழுவும் 2004-இல் அறிவித்தது.

நார்த்மீட். சிட்னியின் மேற்கே, 1978-இல் திறக்கப்பெற்ற வெஸ்ட்மீட் வைத்தியசாலைக்கு அண்மையிலுள்ள இவ்வூரிலும், தமிழர் பலர் வாழும் வென்ட்வர்த்வில், தூங்காபி முதலிய அயலூர்களிலும் பொதுப் பிரமாணத்துக்கும் ஆசியப் பிரமாணத்துக்கும் உள்ள வேறுபாடு வெறும் ஏட்டுச் செய்தி அன்று. 165 சென்டிமீட்டர் உயரமும் 65 கிலோ எடையும் உடைய ஒருவரின் குறியெண்ணைக் கணக்கிட, 1.65-இன் வர்க்கமான 2.7225-ஆல் 65-ஐ வகுத்தால் 23.9 வரும்; பொதுப் பிரமாணம் அவரை இயல்பான எடையினர் என்னும், ஆசியப் பிரமாணமோ அவரை எச்சரிக்கும். ஆஸ்திரேலியாவில் நீரிழிவு அபாயத்தைக் கணிக்கும் வினாப்பட்டியும் ஆசிய வம்சத்தாரின் இடுப்பளவுக்குத் தனி எல்லை வகுத்துள்ளது.

ஆதலின், இருபத்தைந்துக்குக் கீழே நிற்கிறோம் என்று தமிழர் நிம்மதி கொள்வது தகாது. மூச்சை இயல்பாக வெளிவிட்டு, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே நாடாவைச் சுற்றி அளந்து, அவ்வளவையும் மருத்துவர் முன் வைத்தலே, சராசரியைக் கூற எழுந்த எண்ணைத் தனி மனிதர்க்குப் பயன்படச் செய்யும் நெறியாகும்.