உடுத்திப் பழசான தோலுக்கு உயர்ந்த விலை

ஃபர் என்றதும் பனிநாட்டுச் சீமாட்டியின் தோளில் புரளும் மேலங்கிதான் நம் கண்முன் வருகிறது. கனடாவின் வரலாற்றைத் திருப்பிவிட்ட ஃபர் வணிகத்துக்கும் அந்த மேலங்கிக்கும் அதிக உறவில்லை. 17ஆம் நூற்றாண்டில் பாரிஸும் லண்டனும் பீவர் என்ற விலங்கின் தோலுக்கு அலைந்தது தொப்பி செய்ய. பீவரின் உடலில் முடி இரண்டு அடுக்கு. மேலே நீண்டு முரடாகப் பளபளப்பது ஒன்று. அதனடியில் குட்டையாக, பஞ்சுபோல் அடர்ந்திருப்பது இன்னொன்று. உள்முடியின் இழைகளில் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் உண்டு. சூடும் ஈரமும் கொடுத்து அழுத்தினால் அவை ஒன்றையொன்று கவ்விக்கொண்டு, நெய்யாமலே துணியாகிவிடும். ஃபெல்ட் எனப்படும் அந்தத் துணியில் செய்த தொப்பி மழையில் நனைந்தாலும் வடிவம் குலையாது. ஆக, தொப்பிக்காரருக்கு வேண்டியது உள்முடி மட்டும். முரட்டு முடியை எப்படி நீக்குவது என்பதுதான் அவருடைய தலைவலி.

அந்தத் தலைவலியைத் தீர்த்துவைத்தவர்கள் கிரீ, இன்னு முதலிய பூர்வகுடிகள்; அதிலும் குறிப்பாக அவர்களின் பெண்கள். குளிர்காலத்தில் பிடித்த பீவரின் தோலை உட்புறம் சுரண்டி, எலும்பு மஜ்ஜையைத் தேய்த்துப் பதப்படுத்துவார்கள். ஐந்து முதல் எட்டுத் தோல்கள் வரை செவ்வகமாக நறுக்கி, விலங்கின் தசைநாரால் தைத்தால் ஒரு போர்வை. முடி உடம்பில் படும்படி அதை ஓராண்டுக்கு மேல் உடுத்துவார்கள். சுரண்டியதில் ஏற்கெனவே வேர் தளர்ந்த முரட்டு முடி, உராய்விலேயே உதிர்ந்துவிடும். வியர்வையும் கொழுப்பும் ஊறி உள்முடி இளகியிருக்கும். பிரெஞ்சுக்காரர்கள் இதற்கு வைத்த பெயர் ‘காஸ்தோர் க்ரா’, கொழுப்பேறிய பீவர். புத்தம்புதுத் தோலைவிட இந்தப் பழைய போர்வைக்குத்தான் விலை அதிகம். வெள்ளையர் ஒரு தோலுக்கு அள்ளித்தரும் கத்திகளை நினைத்து இன்னு வேட்டைக்காரர் ஒருவர் சிரித்ததை, 1634இல் லெ ழன் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் பதிவுசெய்திருக்கிறார். பூர்வகுடிகள் கச்சாப்பொருள் கொடுத்தார்கள், ஐரோப்பா அதைச் சரக்காக்கியது என்று பாடநூல்கள் எழுதுவது பாதி உண்மைகூட இல்லை. தொப்பித் தொழிலின் முதல் கட்ட வேலை காட்டுக் கூடாரங்களிலேயே முடிந்திருந்தது.

இதை மறுப்பவர்கள் ரஷ்யாவைக் காட்டுவார்கள். அங்கே உள்முடியை மட்டும் சீவியெடுக்கும் நுட்பம் இருந்தது. உடுத்தாத தோலை மேற்கு ஐரோப்பிய வணிகர்கள் அங்கே அனுப்பி முடியாகத் திரும்பப் பெற்றார்கள். அந்த நுட்பம் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் மேற்கே பரவியது. போர்வைத் தோல் தேங்கிக் கிடக்க, 1696இல் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி கனடாவின் மேற்குப்புற வணிகச் சாவடிகளை மூடச் சொன்னார். உண்மைதான். ஆனால் பூர்வகுடிகளின் உழைப்புக்கு இருந்த மதிப்பு, அதற்கு மாற்றுத் தேடியபோது என்ன செலவானது என்பதில் தெரிகிறது. உடம்போடு ஒட்டி இளகாத முடி எளிதில் இறுகாது. அதற்காகத் தொப்பிப் பட்டறைகளில் பாதரச நைட்ரேட் வந்தது. அதன் ஆவியைச் சுவாசித்த தொழிலாளர்களுக்குக் கை நடுங்கியது, புத்தி பேதலித்தது. கூடாரத்தில் ஒரு போர்வை தானாகச் செய்த வேலைக்குப் பட்டறை கொடுத்த கூலி அது.

ஐரோப்பியர் பாசிமணியைக் காட்டி அப்பாவிகளை ஏமாற்றினார்கள் என்பது இன்னொரு வாதம். பரிவோடு சொல்லப்படுவது என்றாலும் ஆவணங்கள் அதற்கு இடம் தரவில்லை. 1670இல் சாசனம் பெற்ற ஆங்கிலேயரின் ஹட்சன் பே கம்பெனி, பணத்துக்குப் பதில் தரமான ஒரு பீவர் தோலையே அலகாக வைத்துக் கணக்கெழுதியது. துப்பாக்கி இத்தனை தோல், கம்பளி இத்தனை தோல் என்று பட்டியல் இருந்தது. பாத்திரம் கனமாக இருக்கிறது, துப்பாக்கி குளிரில் வெடித்துச் சிதறுகிறது என்று வேட்டைக்காரர்கள் சொன்ன குறைகளைக் கம்பெனி ஊழியர்கள் லண்டனுக்கு எழுதிக்கொண்டே இருந்தார்கள். இங்கே படியாவிட்டால் பிரெஞ்சுக்காரரிடம் போகலாம் என்ற வாய்ப்பு இருந்தவரை பேரம் வேட்டைக்காரர்கள் கையில் இருந்தது. பிரெஞ்சு ஆட்சி போன பிறகும் மொண்ட்ரியாலின் நார்த் வெஸ்ட் கம்பெனி போட்டிக்கு நின்றது. 1821இல் அது ஹட்சன் பே கம்பெனியோடு இணைந்தது. அதற்குள் பல இடங்களில் பீவரும் அருகிப்போயிருந்தது. அதன்பின் விலை பேச வேறு கடை இல்லை.