உன் பெயர் என்ன?

போலந்து மொழியில் தன் பெயரைச் சொல்ல இரண்டு வழிகள் உண்டு. 'மாம் நா இமியே' என்று தொடங்கினால் அடுத்து வருவது அவரவர் சொந்தப் பெயர். 'நஸீவம் ஷே' என்றால் 'நான் என்னை இன்னார் என்று அழைத்துக்கொள்கிறேன்' என்று பொருள். அதன் பின் பெரும்பாலும் குடும்பப் பெயரும் சேர்ந்து வரும்.

அந்தக் குடும்பப் பெயர் நிறைய விஷயங்களைச் சொல்லிவிடும். கோவால்ஸ்கி என்றால் ஆண், கோவால்ஸ்கா என்றால் பெண். 'ஸ்கி' என்று முடியும் பழைய பெயர்கள் பல, குடும்பத்துக்குச் சொந்தமான ஊரின் பெயரிலிருந்து வந்தவை. கேட்பவருக்கு ஊரும் குலமும் மதமும் ஓரளவு புரிந்துவிடும். சாதாரண நாட்களில் இதில் ஒரு கெடுதலும் இல்லை. 1939 செப்டம்பரில் ஜெர்மானியர்கள் போலந்துக்குள் புகுந்த பிறகு, யூதப் பெயர் ஒன்றே உயிரைப் பறிக்கப் போதுமானதாயிற்று.

வார்சா நகரத்து யூதர்களை மதில் கட்டி ஒரு பகுதிக்குள் அடைத்தார்கள். 1942 ஜூலையிலிருந்து செப்டம்பருக்குள் அங்கிருந்து இரண்டரை லட்சம் பேருக்கு மேல் ட்ரெப்ளிங்கா கொலைமுகாமுக்கு ரயிலேற்றப்பட்டார்கள். அந்த நாட்களில் ஐரீனா செண்ட்லர் என்ற பெண்மணி மதிலுக்குள் போய்வந்துகொண்டிருந்தார். நகராட்சியின் சமூகநலத் துறையில் வேலை. தொற்றுநோய்த் தடுப்பு என்ற காரணத்தைக் காட்டி நுழைவுச் சீட்டு வாங்கியிருந்தார். அவரும் தோழிகளும் குழந்தைகளை ரகசியமாக வெளியே கொண்டுவந்து கிறிஸ்தவக் குடும்பங்களிலும் கன்னியர் மடங்களிலும் சேர்த்தார்கள். இப்படிக் காப்பாற்றப்பட்டவர்கள் சுமார் 2,500 பேர் என்று சொல்வார்கள்.

வெளியே வந்த குழந்தைக்கு முதல் பாடம் ஒரு புதுப்பெயர். அதற்கேற்ற ஞானஸ்நானச் சான்றிதழும் தயாராகும். கத்தோலிக்க ஜெபங்களை மனப்பாடம் செய்ய வேண்டும். தூக்கத்தில் எழுப்பி "உன் பெயர் என்ன?" என்று கேட்டாலும் புதுப்பெயர்தான் வாயில் வர வேண்டும். அம்மா கூப்பிட்ட பெயரை மறந்தால்தான் பிழைக்கலாம். ஐந்து வயதுக் குழந்தைக்கு இது எத்தனை பெரிய பாரம்!

ஆனால் ஐரீனா மறக்க விடவில்லை. பழைய பெயர், புதுப்பெயர், இருக்கும் இடம் ஆகியவற்றை மெல்லிய தாள்களில் குறித்து, கண்ணாடி ஜாடியில் போட்டு, தோழி வீட்டுத் தோட்டத்தில் புதைத்து வைத்தார். 1943 அக்டோபரில் கெஸ்டபோ அவரைப் பிடித்துச் சித்திரவதை செய்தபோதும் ஒரு பெயரையும் சொல்லவில்லை. ரகசிய இயக்கத்தார் காவலருக்கு லஞ்சம் கொடுத்து அவரை மீட்டார்கள். போருக்குப் பின் அந்தப் பட்டியலை யூத அமைப்பிடம் ஒப்படைத்தார். பெரும்பாலான பெற்றோர் அப்போது உயிரோடு இல்லை.

ஆறு மாதக் கைக்குழந்தை ஒன்றை மரப்பெட்டியில் வைத்து, செங்கல் ஏற்றிய வண்டியில் மறைத்து வெளியே கொண்டுவந்தார்கள். கூடவே ஒரு சின்ன வெள்ளிக் கரண்டி. அதில் 'எல்ஜூனியா' என்ற செல்லப்பெயரும் 1942 ஜனவரி 5 என்ற பிறந்த தேதியும் பொறித்திருந்தன. பெற்றவர்கள் கொடுத்தனுப்ப முடிந்தது அவ்வளவுதான். மருத்துவச்சி ஒருவர் அவளை மகளாக வளர்த்தார். பதினேழு வயதில்தான் அவளுக்கு உண்மை தெரிந்தது. பிற்காலத்தில் கவிஞர் யேஜி ஃபித்ஸோவ்ஸ்கியை மணந்து எல்ஜ்பியேத்தா ஃபித்ஸோவ்ஸ்கா ஆனார்.

குடும்பப் பெயர் கணவர் தந்தது. முதற்பெயரோ அந்தக் கரண்டியில் இருந்ததேதான். எல்ஜூனியா என்பது எல்ஜ்பியேத்தாவின் செல்லச் சுருக்கம். பெயரைக் கேட்டால், பெற்றவர்கள் வைத்ததையே அவரால் சொல்ல முடிந்தது. அந்தப் பாக்கியம் எத்தனையோ குழந்தைகளுக்குக் கிடைக்கவில்லை.