எத்தனை அடி தள்ளி உட்காருவீங்க?

புது டிவி வாங்கப் போகிறவர்கள் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவனைக் கண்டால் தவறாமல் கேட்பது: "ஹெச்டி ரெடி போதுமா, ஃபுல் ஹெச்டியே வாங்கிடலாமா?" நான் திருப்பிக் கேட்பேன்: "எத்தனை அடி தள்ளி உட்காருவீங்க?" நழுவுகிறேன் என்று நினைப்பார்கள். ஆனால் ஹெச்டியின் வரலாறே இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.

1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த கையோடு, ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்ஹெச்கே அடுத்த தலைமுறை டிவிக்கான ஆராய்ச்சியில் இறங்கியது. கோடுகளை எண்ணுவதற்கு முன் அவர்கள் மனிதப் பார்வையை ஆராய்ந்தார்கள். பழைய டிவியில் கோடு தெரியாமல் இருக்க, படத்தின் உயரத்தைப் போல ஆறேழு மடங்கு தள்ளி உட்கார வேண்டும். மூன்று மடங்கு தூரத்துக்கு நெருங்கினால் படம் கண்ணை நிறைக்கும், நாமும் அங்கேயே இருப்பது போலிருக்கும். அத்தனை பக்கத்திலும் கோடு தெரியக் கூடாதென்றால் ஆயிரத்துக்கு மேல் கோடுகள் வேண்டும். அவர்கள் வந்து சேர்ந்த எண் 1125.

அமெரிக்கா 1990களில் டிஜிட்டலுக்கு மாறத் தயாரானபோது சிக்கல் வேறு. ஒரு சேனலுக்கு 6 மெகாஹெர்ட்ஸ், அதில் நொடிக்குச் சுமார் 19 மெகாபிட். அதற்குள் எதை அடைப்பது? ஒரு வழி 1920×1080: ஒருமுறை ஒற்றைப்படைக் கோடுகள், மறுமுறை இரட்டைப்படைக் கோடுகள், ஆக நொடிக்கு 30 முழுப் படங்கள். இன்னொரு வழி 1280×720: நொடிக்கு 60 முழுப் படங்கள். பெருக்கிப் பாருங்கள். முதலாவது 6.2 கோடிப் புள்ளிகள், அடுத்தது 5.5 கோடி. செலவு ஏறக்குறைய ஒன்றுதான். முதலாவது நுணுக்கத்துக்குச் செலவழித்தது, அடுத்தது அசைவுக்கு.

கோடுகளைப் பிரித்து அனுப்பும் முறையே கூடாது என்று கம்ப்யூட்டர் கம்பெனிகள் சண்டை பிடித்தன. 1996 டிசம்பரில் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் புதிய தரத்தை ஏற்றபோது, பட வடிவங்களின் பட்டியலை மட்டும் விட்டுவிட்டது: நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். சிபிஎஸ்ஸும் என்பிசியும் 1080 பக்கம் போயின. ஏபிசியும் அதன் சகோதர விளையாட்டுச் சேனலான ஈஎஸ்பிஎன்னும் 720 பக்கம். பந்து பறக்கும்போது கோட்டின் எண்ணிக்கையைவிட அசைவின் தெளிவு முக்கியம் என்பது அவர்கள் வாதம்.

தட்டைத் திரைகள் வந்தபின் அந்தப் பேரம் பெட்டியிலிருந்து மறைந்தது. ஃபுல் ஹெச்டி திரை 1080 கோடுகளையும் ஒருசேரவே காட்டும். அட்டைப்பெட்டியில் மிஞ்சியது ஒரு எண். தூரம் அதில் இல்லை.

அதை நாமே போட்டுக்கொள்ளலாம். சராசரிக் கண் பாகையின் அறுபதில் ஒரு பங்குவரை பிரித்தறியும். 32 அங்குல ஹெச்டி ரெடி டிவியில் பெரும்பாலும் 1366×768 புள்ளிகள். ஆறடிக்கு அப்பால் அவை ஒன்றோடொன்று கலந்துவிடும். ஃபுல் ஹெச்டியின் முழுப் பலன் வேண்டுமென்றால் நாலடிக்கு வர வேண்டும். 43 அங்குல ஃபுல் ஹெச்டிக்கு அந்த எல்லை ஐந்தரை அடி சொச்சம். அதற்கு மேல் தள்ளி உட்காருபவருக்கு 4கே தரும் கூடுதல் புள்ளிகள் அநேகமாகத் தெரியாது. கூர்மையான பார்வை உள்ளவருக்குக் கொஞ்சம் கூடத் தெரியலாம். விலை கூடிய மாடலில் நிறமும் வெளிச்சமும் நன்றாக இருக்கலாம், ஆனால் அது வேறு காரணம்.

கடையில் வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறதே என்பீர்கள். தெரியும்தான். அங்கே நாம் நிற்பது இரண்டடி தூரத்தில். வீட்டில் சோபாவிலிருந்து சுவர் வரை ஒரு டேப் பிடித்து அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.